கால்வாய்க்கரை மாளிகையும் காஞ்சித்திணையும்: விஸ்லரின் ‘வாயில்’

ஆட்சி இழந்தோரின் அரண்மனையைக் காண்போர் உள்ளத்தில் முதற்கண் எழுவது நிலையாமை உணர்வே ஆகும். புனேயை அடுத்த கட்கியில் 1817 நவம்பர் 5 அன்று நிகழ்ந்த போரில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படை பின்வாங்கியது. அம்மாதம் 17ஆம் நாள் சனிவார் வாடா அரண்மனையின்மேல் கும்பினியாரின் கொடி ஏறியது. 1828இல் பற்றிய தீக்குப்பின் அங்கு எஞ்சியவை மதிலும் வாயில்களும் அடித்தளங்களுமே. தொல்காப்பியர் கூறும் காஞ்சித்திணைக்கு இதனினும் பொருத்தமான காட்சி அரிது. எனினும், வீழ்ந்த மாளிகையைக் கலையாக்கக் காஞ்சி ஒன்றுதான் வழியா என்னும் வினா எழுகின்றது. பேஷ்வாக்களுக்குச் சற்றொப்ப 20 ஆண்டுகள் முன்னர், 1797இல், தன்னாட்சி இழந்த வெனிஸ் நகரின் மாளிகை ஒன்றைக் காட்டும் செதுக்கோவியம் இவ்வினாவிற்கு வேறொரு விடை தருகின்றது.

அமெரிக்காவில் பிறந்து இலண்டனில் வாழ்ந்த ஓவியர் ஜேம்ஸ் மெக்நீல் விஸ்லர், திறனாய்வாளர் ரஸ்கின்மீது தொடுத்த அவதூறு வழக்கில் 1878இல் வென்றார். ஆயினும் இழப்பீடாகப் பெற்றது ஒரு ஃபார்திங் காசு மட்டுமே. மறு ஆண்டில் அவர் நொடித்துப்போனார். அந்நிலையில் இலண்டன் நுண்கலைக் கழகம் 12 செதுக்கோவியங்கள் வேண்டி அவரை வெனிசுக்கு அனுப்பியது. மூன்று திங்களில் திரும்ப வேண்டியவர் ஏறத்தாழ 14 திங்கள் அங்குத் தங்கினார். 1880இல் வெளிவந்த அப்பன்னிரண்டனுள் ஒன்று ‘வாயில்’. ரியோ தெ லா ஃபாவா என்னும் சிறு கால்வாயின் கரையிலுள்ள குசோனி மாளிகையே அதன் பொருள்.

ஓவியத்தில் மாளிகை முழுமையாகக் காட்டப்படவில்லை. நீர்மட்டத்தில் அமைந்த வாயிலும், அதன் இருபுறமும் பின்னல் வேலைப்பாடமைந்த சாளரங்களுமே காணப்படுகின்றன. உள்ளே நாற்காலி செய்வோரின் பட்டறை. கூரையிலிருந்து நாற்காலிகள் தொங்குகின்றன. படியில் ஒரு பெண் குனிந்து துணியை நீரில் நனைக்கின்றாள். செல்வர் படகிலிருந்து இறங்கிய படி இப்போது தொழில் செய்வோர் புழங்கும் துறையாகிவிட்டது. தொழிலைக் குறிக்கும் ‘செய்தி’யைக் கருப்பொருளுள் ஒன்றாக எண்ணும் நம் இலக்கண மரபில் பயின்றோர்க்கு இதன் சிறப்பு எளிதில் புலனாகும். மாளிகை பின்புலமாக நிற்க, தொழிலே அதற்கு உயிர் தருகின்றது. உடைமையாளர் நீங்கினும் வாயில் அடைபடவில்லை. ஆதலின் இது காஞ்சி அன்று.

செய்முறையும் இக்கருத்திற்குத் துணைநிற்கின்றது. மெழுகுப்பூச்சிட்ட செப்புத்தகட்டில் ஊசியாற் கீறி, அமிலத்தில் இட்டுக் கோடுகளை அரிக்கச் செய்வது இக்கலை. அச்சிடும்போது தகட்டின் மையை முற்றும் துடைத்துவிடாமல், மெல்லிய படலமாக விடுவது விஸ்லரின் வழக்கம். அதனால் நீர் கோடுகளால் மட்டுமன்றி மையின் சாயலாலும் உருப்பெறுகின்றது. இடத்தை நேரிற்கண்டு தகட்டிலேயே வரைந்தமையால் அச்சில் காட்சி இடவலம் மாறியிருக்கும். அதை அவர் திருத்த முற்படவில்லை. எனவே இவ்வோவியத்தைக் கட்டடச் சான்றாகக் கொள்வோர் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

குறை ஒன்றும் சுட்டத்தக்கது. சாளரப் பின்னலுக்குக் கிடைத்த நுண்மை, உள்ளே உழைப்போர் முகத்திற்குக் கிடைக்கவில்லை. அவர்கள் இருளில் கரைந்துள்ளனர். வறுமை இங்கு அழகின் ஒரு கூறாக மாறிவிடும் இடர் உண்டு. விஸ்லர் அதனை முற்றிலும் கடந்தார் எனல் இயலாது. எனினும், மாளிகையின் வரலாறு அதன் தலைவரோடு முடிவதில்லை என்பதை அவர் கண் கண்டது. சனிவார் வாடாவைப் பற்றியோ மதுரை நாயக்கர் மகாலைப் பற்றியோ எழுதும் நாமும், ஆண்டோர் நீங்கிய பின் அவ்விடங்களில் புழங்கியோர் யாவர் என்று வினவக் கடமைப்பட்டுள்ளோம்.