ஆசிரியரும் மாணாக்கரும்: சாளி மரியானோவின் இசைநெறி

ஒரு மரபிலே தேர்ச்சி பெற்று, அதனைப் பிறர்க்குப் பயிற்றும் நிலையையும் எய்திய கலைஞர், வேறொரு மரபின் வாயிலில் மீண்டும் மாணாக்கராய் நிற்றல் எளிதன்று. கற்பிப்போனுக்கு அவன் பெற்ற அறிவே அரணாகவும் அமையும், தளையாகவும் அமையும். அமெரிக்க ஜாஸ் இசைக் கலைஞரும் இசையாசிரியருமான சாளி மரியானோவின் (1923–2009) வாழ்க்கையில் இவ்வுண்மை நன்கு புலனாகின்றது. சக்ஸபோன் வாத்தியத்திற் பெரும்புகழ் எய்திய பின்னர், நாற்பது வயதைக் கடந்த நிலையில், அவர் நாதஸ்வரம் பயிலத் தொடங்கினார். இது புதுமை நாட்டத்தால் விளைந்ததோ, அன்றி அவருடைய கலையின் உள்ளார்ந்த தேவையால் எழுந்ததோ என்பது ஆராயற்பாலது.

மரியானோ 1923ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் தேதி, பொஸ்ரன் நகரிலே, இத்தாலியிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இராணுவ வாத்தியக் குழுவிற் பணியாற்றிய அவர், போர் முடிந்த பின்னர்ப் பொஸ்ரனிலுள்ள சிலிங்கர் இசைப்பள்ளியிற் பயின்றார். ஜோசப் சிலிங்கர் கணித அடிப்படையில் வகுத்த இசையியல் முறையைப் போதிக்க 1945இல் நிறுவப்பட்ட அப்பள்ளியே பின்னாளில் பேர்க்லி இசைக் கல்லூரியாக வளர்ந்தது. எனவே, மரியானோவின் முறைசார்ந்த கல்வி, இசையைக் கூறுபடுத்தி விதியமைத்து விளக்கும் கல்வியே எனலாம்.

ஆயினும் அவர் செவிக்கு உண்மையான ஆசான் சாளி பார்க்கர். 1940களிலே பார்க்கர் வகுத்த விரைவும் நுட்பமும் வாய்ந்த புதுநெறி, ஆல்ரோ சக்ஸபோன் வாசித்த இளைஞர் யாவரையும் ஆட்கொண்டது. அந்நிழலினின்று விடுபட்டுத் தத்தம் குரலைக் காண்பதே அத்தலைமுறையினரை எதிர்நோக்கிய பெருஞ்சோதனை. 1953 முதல் 1955 வரை ஸ்ரான் கென்ரனின் பெருங்குழுவில் மரியானோ வாசித்த காலத்தில் இவ்விடுதலை தொடங்கியது. 1955இல் அக்குழு வெளியிட்ட இசைத்தட்டில், ‘ஸ்ரெல்லா பை ஸ்ரார்லைற்’ என்னும் பாடலைப் பில் ஹோல்மன் மரியானோவுக்கெனவே அமைத்திருந்தார். பார்க்கரின் சொல்வளம் அங்கே உண்டு. ஆனால், நீண்ட சுரங்களை அசைத்து நெகிழ்த்தி, மனிதர் விம்முவதுபோல் நிறுத்தும் பாங்கு மரியானோவுக்கே உரியது.

1958இல் பொஸ்ரனுக்கு மீண்ட அவர், தாம் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியரானார். 1959இல் யப்பானியப் பியானோக் கலைஞர் ரொஷிகோ அகியோஷியை மணந்து, அவருடன் நால்வர் குழுவொன்றையும் நடத்தினார். இடையே யப்பானில் வாழ்ந்த காலம் நீங்க, 1970களின் தொடக்கம் வரை பேர்க்லியிற் கற்பித்தலே அவருடைய வாழ்வின் அச்சாக இருந்தது.

அவருடைய சாதனைகளுள் முதலில் வைத்தெண்ணத்தக்கது, 1963 ஜனவரியிலே சாள்ஸ் மிங்கஸ் ஒலிப்பதிவு செய்த ‘த பிளாக் செயின்ற் அன்ட் த சின்னர் லேடி’ என்னும் பேராக்கத்தில் அவர் ஆற்றிய பங்காகும். 11 பேர் கொண்ட குழுவினர்க்கென நடனத்தொடர் வடிவில் அமைந்த அவ்வாக்கத்திலே, பித்தளைக் கருவிகள் உறுமியும் புலம்பியும் எழுப்பும் கொந்தளிப்பின் மேல் மரியானோவின் ஆல்ரோ ஒலி எழுகின்றது. அங்கே அவர் சுரங்களை எண்ணிக்கையாற் பெருக்குவதில்லை. ஒரு சுரத்தை அழுத்தியும், சாய்த்தும், அடுத்த சுரத்தோடு இழைத்தும் உணர்ச்சியைப் பிழிந்தெடுக்கின்றார். மேலைநாட்டுச் சுரவரிசையின் வரையறுத்த படிகளுக்கு இடையிலுள்ள வெளியை அவர் நாடத் தொடங்கிவிட்டார் என்பதற்கு இவ்வாசிப்பே சான்று. தமிழிசையோடு அவர்க்குத் தொடர்பு ஏற்படுமுன்னரே இந்நாட்டம் தோன்றிவிட்டது என்பதை மறத்தலாகாது.

1960களின் பிற்பகுதியில், மலேசிய வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சியளிக்கும் பொருட்டு அவர் கோலாலம்பூர் சென்றார். கற்பிக்கச் சென்ற அவ்விடத்தே கற்கவேண்டிய பொருள் அவரை எதிர்கொண்டது. தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் குடியேறிய தமிழர் அங்கே தங்கள் கோயில்களையும், அவற்றோடு நாதஸ்வரத்தையும் பேணி வந்தனர். அவ்வொலியைக் கேட்டு ஈர்க்கப்பட்ட மரியானோ நாதஸ்வரம் பயிலத் தொடங்கினார்; பின்னர்த் தென்னிந்தியாவுக்குச் சென்றும் பயின்றார்.

இவ்விரு கருவிகளையும் ஒப்புநோக்கின் அவர் கொண்ட ஈர்ப்பின் காரணம் விளங்கும. அடொல்ப் சக்ஸ் 1846இல் பாரிசிலே காப்புரிமை பெற்ற சக்ஸபோன், உலோகத்தால் ஆயது. நாதஸ்வரமோ மரத்தால் ஆயது. எனினும் இரண்டும் அடிநோக்கி விரியும் கூம்புக் குழல்கள். இரண்டும் திறந்த வெளியில் முழங்கவல்லவை. வேறுபாடு யாதெனில், சக்ஸபோனின் துளைகளை உலோக மூடிகள் அடைக்கின்றன. அதனால் ஒவ்வொரு சுரமும் தன் படியில் நிலைபெறுகின்றது. நாதஸ்வரத்தின் ஏழு துளைகளையும் விரல்களே நேரே ஆளுகின்றன. கொறுக்கைச் சீவாளி உதட்டின் அழுத்தத்திற்கும் மூச்சின் வன்மை மென்மைகளுக்கும் உடனே இசைந்து கொடுக்கின்றது. கமகம் அங்கே அணியன்று, உயிர். மிங்கஸின் ஆக்கத்திலே மூடிகளோடு போராடி மரியானோ பெற்றது எதுவோ, அது நாதஸ்வரத்தின் இயல்பாகவே இருந்தது.

1970களில் ஐரோப்பாவிற் குடியேறிய அவர், யேர்மனியக் கலைஞர் எபர்ஹார்ட் வேபரின் குழுவிற் சேர்ந்து, 1975இல் ஒலிப்பதிவான ‘யெல்லோ பீல்ட்ஸ்’ இசைத்தட்டில் சக்ஸபோனுடன் நாதஸ்வரத்தையும் ஷெனாயையும் வாசித்தார். ஆனால் 1983இல் பெங்களூரைச் சேர்ந்த கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரிக் குழுவினருடன் இணைந்து ‘ஜோதி’ என்னும் இசைத்தட்டை உருவாக்கியபோது, அவர் எடுத்துக்கொண்டவை சக்ஸபோனும் புல்லாங்குழலுமே. ஆர். ஏ. ராமமணியின் குரலும், ரி. ஏ. எஸ். மணியின் மிருதங்கமும் உள்ள அவையிலே நாதஸ்வரத்தை ஒதுக்கியமை ஆழ்ந்த நோக்குக்குரியது. ஜாஸ் கேட்போர்க்கு நாதஸ்வரம் புதிய வண்ணமாக அமையலாம். அம்மரபிலேயே வளர்ந்தோர் நடுவில் ஒருவர் தம் சொந்தக் குரலிற் பேசுதலே நேர்மை. அவர் கற்ற நாதஸ்வரம் அங்கே கையிலில்லை. சக்ஸபோனின் நெகிழ்விலே ஒலிக்கின்றது.

இராகத்தின் இலக்கணத்தை மரியானோ முழுமையாகக் கைக்கொண்டாரல்லர் என்னும் குறையை மறுத்தற்கில்லை. அவர் வாசிப்பிலே சஞ்சாரம் இராகத்தின் சொரூபத்தைப் படிப்படியாக விரிப்பதற்கு மாறாக, உணர்ச்சியின் எழுச்சியைப் பின்பற்றியே செல்கின்றது. எதிர்த்திசையினின்று வந்த கத்ரி கோபால்நாத்தோடு (1949–2019) ஒப்பிடின் இது தெளிவாகும். நாதஸ்வரக் கலைஞரின் மகனான கோபால்நாத், சக்ஸபோனின் அமைப்பையே மாற்றிக் கமகத்திற்கு இணங்கச் செய்து, கர்நாடக இசை மேடையில் அதற்கு நிலையான இடம் தேடித்தந்தார். அவர் கருவியை மரபுக்கு இசைவித்தார்; மரியானோ தம்மையே மாற்றிக்கொண்டார். முன்னதன் பயன் மரபுக்கு; பின்னதன் பயன் கலைஞனின் குரலுக்கு. இரண்டனையும் ஒரே அளவுகோலால் அளத்தல் பொருந்தாது.

மரியானோ 2009 ஜூன் 16இல் கேளோன் நகரிற் காலமானார். அவர் தமக்கெனத் தனிப்பள்ளி எதனையும் நிறுவிச் சென்றாரல்லர். பார்க்கரைப்போல ஒரு தலைமுறையின் இசைமொழியை மாற்றியவருமல்லர். ஆயினும், விதிகளைக் கற்பித்த வகுப்பறையினின்று நீங்கி, செவியாலும் மூச்சாலும் மட்டுமே கற்கவேண்டிய வித்தைக்குத் தம்மை ஒப்படைத்த துணிவு சிலர்க்கே வாய்ப்பது. கற்பித்தலாற் கற்கும் ஆற்றல் மங்கிவிடுதல் வேண்டுவதில்லை என்பதற்கு, அவருடைய பிற்கால வாசிப்பின் கனிவே தக்க சான்றாக நிற்கின்றது.