புரட்டாத பை

‘ஓவன் இல்லாமல் ஈஸியாக வெஜிடபிள் பை’ என்று சமையல் குறிப்புகளில் பார்த்திருப்பீர்கள். முக்கால்வாசி, ‘மூடி போட்டு சிம்மில் 20 நிமிஷம்’ என்பதோடு முடிந்துவிடும். எழுதியவர் செய்து பார்த்தாரா, சந்தேகம்தான். ஓவனில் சூடு எல்லாப் பக்கமும். அடுப்பில் கீழே மட்டும். அடி கருகும். மேல்மாவு வெளிறி, மூடியின் ஆவி சொட்டி நசநசக்கும்.

துருக்கியில் ‘தவா பொரெயி’ என்று ஒன்று. ‘யூஃப்கா’ என்கிற மெல்லிய மாவுத்தாள்களில் பால், முட்டை, எண்ணெய் கலந்து தடவி, நடுவே கீரையும் சீஸும். அடி சிவந்ததும் மேலே தட்டை வைத்து அப்படியே கவிழ்த்து, மறுபக்கத்தையும் சிவக்க விடுகிறார்கள். விஷயமே இந்தப் புரட்டலில்தான். இதைச் சொல்லாமல் ‘ஈஸி’ என்றால் எப்படி? கீரையை முதலில் வதக்கித் தண்ணீர் வற்றவிடணும், அதையும் சொல்வதில்லை. யூஃப்காவுக்கு பதில், மெல்லிசாக இட்ட அரைவேக்காட்டு சப்பாத்தி போதும். கவிழ்க்கும்போது கையில் துணி இருக்கட்டும்.