700 கிராம் குற்றம்

ஜாசினில் பள்ளி முடித்த பிள்ளைகளுக்கான நேர்காணல் பயிற்சி ஒன்றில், பேச வந்தவர் மலேசியா ஏர்லைன்ஸ் வழக்கை எடுத்துக்காட்டி, "தோற்றமும் ஒரு தகுதிதான், நீதிமன்றமே ஒத்துக்கொண்டது" என்றார். நல்ல கைதட்டல்.

சீருடையோடு எனக்குச் சண்டையில்லை. சமையல்காரரின் தொப்பியும் தொழிற்சாலைக் காலணியும் தாதியின் கட்டிய கூந்தலும் வேலையே கேட்பவை. ஒரே சட்டை போட்டால் தோட்டத்துப் பிள்ளை, டவுன் பிள்ளை என்ற பேதம் மறைகிறது, அதுவும் நல்லதே.

ஆனால் அந்த வழக்கு என்ன? விமானப் பணிப்பெண் ஒருவர். 25 ஆண்டுப் பணி. 160 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிறுவனம் வைத்த வரம்பு 61 கிலோ. அதற்குமேல் 700 கிராம் இருந்ததால் 2017இல் வேலை போனது. 2020 பிப்ரவரியில் தொழிலியல் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. எடையைக் குறைக்க அவகாசம் தந்தார்கள், மறுக்கவில்லை. நிறுவனம் தன் பெயரைச் சொன்னது, கூடவே பயணிகளின் பாதுகாப்பையும் சொன்னது.

பாதுகாப்புதான் கவலை என்றால் அவசரக் கதவைத் திறக்கச் சொல்லிப் பார்க்கலாமே! தராசு எடையைத்தான் காட்டும், வேலையைக் காட்டாது. தோட்டத்தில் பால் நிறுத்த கிராணிக்கே இது தெரியும். தண்ணீர் கலந்த பாலும் கனக்கும் என்று, ரப்பர் சத்தைச் சோதித்த பிறகுதான் கணக்கெழுதினார். விமான நிறுவனத்துக்கு அந்த இரண்டாவது சோதனை தோன்றவில்லை.

61 கிலோவாவது ஓர் எண். மலாக்கா ஹோட்டல் கவுண்டர் வேலைக்குக் கேட்கும் 'பிரசென்டபிள்' என்பதற்கு எண்ணே கிடையாது. நிறமா, பல்லா, முகப்பருவா? வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பெம்பானிலிருந்தோ மெர்லிமாவிலிருந்தோ போகிற பெண், வேலை கிடைத்தாலும் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்திலிருந்துதான் கறுப்பு ஹீல்ஸும் லிப்ஸ்டிக்கும் வாங்க வேண்டும். பக்கத்தில் நிற்கிற பையனுக்குச் சவரம் செய்த முகம் போதும். இதற்குப் பெயர் தொழில்முறை ஒழுக்கமாம்!

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2023 முதல் வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவின்படி பாகுபாடு குறித்து லேபர் ஆபீசுக்குப் போகலாம். எது பாகுபாடு என்று அந்தப் பிரிவு வரையறுக்கவில்லை. அதோடு, அது பேசுவது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவிலான தகராற்றை. நேர்காணலோடு திருப்பி அனுப்பப்பட்டவள் இன்னும் தொழிலாளியே ஆகவில்லை. காரணமும் அவளிடம் சொல்லப்படவில்லை.