மெதுவோட்டம்

ஓசூர் அருகே, ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியின் விடியற்காலைக் குளிர், நெடுந்தூர ஓட்டத்துக்கு வாய்த்த வரம். ஓசூர் மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். கம்பெனி ஷிப்ட் பஸ்கள் வருமுன் சாலை ஓடுகிறவருக்கே சொந்தம்.

பயிற்சியில் எனக்குப் பிடித்தது, பேசிக்கொண்டே ஓடக்கூடிய நீண்ட மெதுவோட்டம். இதயமும் தசைநாரும் அதில்தான் உரம் பெறுகின்றன. கடினமும் அதுதான்: கால் துடிக்கும், மனம் முந்தச் சொல்லும், அடக்க வேண்டும்.

நெடுந்தூர ஓட்டம் என்றால் என் நினைவுக்கு வருபவர் புதுக்கோட்டை ஓட்டக்காரர் கோ. லட்சுமணன்; 2017இல் புவனேசுவரத்தில் ஆசியத் தடகளப் போட்டியில் இரண்டு தங்கம் வென்றவர். மறு ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், தடத்துக்கு வெளியே கால் பட்டதால் வெண்கலம் பறிபோனது. 25 சுற்று! என் கணக்கில் அந்த வெண்கலம் அவருடையதே.