மறுக்கத் தெரிந்த பட்டன்

பெங்களூரு மென்பொருள் அணிகள் தங்களுக்கென எழுதிவைக்கும் ஃபிரன்ட்எண்ட் விதிமுறைகளைத் தேடிப் படிப்பது என் வழக்கம். பெரும்பாலானவை சலிப்பு. பெயர்கள் பொருளோடு இருக்கட்டும், கோட் தெளிவாக இருக்கட்டும் என்று நீதிபோதனை வகுப்புபோல நகரும். அவற்றை ஒருவர் மீறினார் என்றும் சொல்ல முடியாது, கடைப்பிடித்தார் என்றும் சொல்ல முடியாது.

நான் அடிக்கடி திறந்து பார்ப்பது ரேசர்பேயின் ‘பிளேடு’. இணையவழிப் பணம் செலுத்தும் சேவை தரும் இந்தப் பெங்களூரு நிறுவனம், தன் திரைகளில் வரும் பட்டன், உள்ளீட்டுப் பெட்டி, அட்டவணை எல்லாவற்றையும் ஒரே டிசைன் சிஸ்டமாக்கி, யாரும் பார்க்கும்படி கிட்ஹப்பில் வைத்திருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது, அது தர மறுப்பவை. பட்டன் மேல் நமக்குப் பிடித்த நிறத்தைப் பூசலாம் என்று போனால் வழி கிடைக்காது. இடைவெளிக்கும் படிகள் உண்டு: நான்காம் படி 12 பிக்சல், ஐந்தாம் படி 16. மோகனத்தில் மத்யமமும் நிஷாதமும் கிடையாது; கேட்கிறவருக்கு எதுவும் குறைவதில்லை, அது மோகனம் என்று தெரிவதே அதனால்தான். ரேசர்பேயின் திரையைப் பார்த்ததும் இன்னாருடையது என்று தெரிவதும் இப்படித்தான்.

மறுப்பது யார் என்பது முக்கியம். வரியை எங்கே உடைப்பது என்று கோட் ரிவ்யூவில் நடந்த மல்லுக்கட்டை, 2017இல் வந்த ‘பிரிட்டியர்’ கருவி ஏறக்குறைய முடித்துவைத்தது. அது சொன்னபடிதான் வரி உடையும். கோபித்துக்கொள்ள எதிரில் ஆள் இல்லை. பிளேடு இதே குணத்தை இன்னும் கனமான ஓரிடத்துக்குக் கொண்டுபோகிறது. குப்பைத்தொட்டி, பென்சில் என்று எழுத்தே இல்லாமல் படம் மட்டும் போட்ட பட்டன்கள் இருக்கின்றன அல்லவா? பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடர் அங்கே வந்ததும் வெறுமனே ‘பட்டன்’ என்று வாசித்துவிட்டு நின்றுவிடும். அழிக்கிறோமா, திருத்துகிறோமா, தெரியாது. பணம் புழங்கும் திரையில் இது சின்ன விஷயம் இல்லை. பிளேடின் படப் பட்டனுக்கு, வாசித்துக்காட்ட ஒரு பெயர் கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காவிட்டால் டைப்ஸ்கிரிப்ட் அங்கேயே சிவப்புக் கோடு போடும். ‘ஆக்சஸிபிலிட்டியைப் பார்த்தாயா தம்பி’ என்று சீனியர் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் கெஞ்ச வேண்டியதில்லை. நூறு பக்க வழிகாட்டியைவிட இந்த ஒரு கட்டாயத்தை நான் மேலாக மதிப்பேன்.

இவ்வளவு கறாராக இருந்தால் புதிதாகச் சேர்ந்தவருக்கு எரிச்சல் வரும், நியாயம்தான். அதற்கான பதில் பிளேடின் அதே கிட்ஹப் களஞ்சியத்தில் ஆர்எஃப்சி ஆவணங்களாக இருக்கிறது: ஏன் இந்த முடிவு, வேறு என்னென்ன வழிகளைப் பார்த்தார்கள், எதை ஏன் ஒதுக்கினார்கள். ஒதுக்கிய வழியையும் எழுதிவைக்கும் அணி அரிது.

ஆனால் விதியால் எட்ட முடியாத இடமும் உண்டு. அதற்கும் இதே ஊரில்தான் எடுத்துக்காட்டு. செல்போனில் இனி ஆப் மட்டுமே என்று தன் மொபைல் தளத்தை மூடிப் பார்த்த ஃபிளிப்கார்ட், 2015 நவம்பரில் ‘ஃபிளிப்கார்ட் லைட்’ வழியாக உலாவிக்கே திரும்பி வந்தது. அதன் பயனர்களில் 63 சதவீதம் பேர் டூஜி இணைப்பில் வந்தார்கள் என்று கூகுள் பின்னர் வெளியிட்ட குறிப்பு சொல்கிறது. இணைப்பு அறுந்தபோதும் அந்தத் தளம் செத்துப்போகவில்லை. ஏற்கெனவே பார்த்த பக்கங்கள் அப்படியே நின்றன. திரை மட்டும் நிறமிழந்து சாம்பலானது. லைன் போய்விட்டது, பார்ப்பது பழைய பக்கம் என்பதை நிறமே சொல்லிவிட்டது. கோடைத் தானாகச் சோதிக்கும் எந்த லின்ட் விதியும் இதைக் கேட்டிருக்காது. டூஜியில் செருப்பு வாங்குகிறவரை மனதில் வைத்த ஒருவர் கேட்டிருப்பார்.

பிளேடில் இப்படியொன்று வந்தால், முதலில் அதன் ஆர்எஃப்சியைத்தான் திறப்பேன்.