கைக்குள் ஒரு கார்ட்ரிட்ஜ்

நின்டென்டோ ஸ்விட்ச்சின் கேம் கார்டு ஏறக்குறைய ஒரு தபால்தலை அளவுதான். குழந்தைகள் வாயில் போட்டு விழுங்கிவிடக் கூடாதென்று அதன்மேல் டெனட்டோனியம் பென்சோயேட் என்ற கடுங்கசப்புப் பொருளைப் பூசியிருக்கிறார்கள். கையில் எடுக்க முடிகிற பொருளுக்குத்தான் இப்படியொரு அக்கறை தேவைப்படும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

பதிவிறக்கம் வசதியானதுதான். பயணத்தில் கார்டு மாற்ற வேண்டாம், தொலையாது. தினமும் சற்று நேரம் ஆடும் டெட்ரிஸ் மாதிரியானவற்றுக்கு அதுவே போதும். நீண்ட கதையுள்ள கேம் என்றால் கார்டுதான் என் தேர்வு. முடித்தபின் நண்பருக்குக் கொடுக்கலாம், விற்கலாம்.

பதிவிறக்கக் கடை என்றும் திறந்திருக்காது. நின்டென்டோவின் பழைய கையடக்கக் கருவியான 3டிஎஸ்ஸுக்கான இணையக் கடை 2023 மார்ச் 27 அன்று விற்பனையை நிறுத்தியது. முன்பே வாங்கியவர்கள் மறுபடி இறக்கிக்கொள்ள முடிந்தது. பதிவிறக்கமாக மட்டுமே வந்த பல கேம்களைப் புதிதாக வாங்க வழியில்லாமல் போனது.

கார்ட்ரிட்ஜுக்கும் ஆயுள் உண்டு. 1996இல் ஜப்பானில் வெளியான முதல் போக்கிமான் கேம்பாய் கார்ட்ரிட்ஜ்களில், சேமித்ததைக் காப்பது ஒரு சின்ன பட்டன் பேட்டரி. அது தீர்ந்தால் பிடித்து வளர்த்த போக்கிமான்கள் போய்விடும், கேம் இருக்கும். சால்டரிங் தெரிந்தவர் புது பேட்டரி வைத்துவிடலாம். பழுதுபார்க்க முடிவது சின்ன விஷயமல்ல.

2025இல் வந்த ஸ்விட்ச் 2க்கான கேம்-கீ கார்டுகளில் கேமே கிடையாது, சாவி மட்டுந்தான். இணையத்திலிருந்து முழுவதையும் இறக்க வேண்டும். ஆடும்போது கார்டையும் செருகியிருக்க வேண்டும். வாங்கும்முன் பெட்டியின் முன்பக்கத்தில் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.