நடுவில் எஞ்சும் களம்

மெலே என்ற சண்டை வீடியோ ஆட்டத்தைப் புதிதாகப் பார்ப்பவரிடம் அதன் 29 களங்களின் படங்களைக் காட்டி, போட்டிக்கு எது நியாயமானது என்று கேட்டால், விரல் நேராக ஃபைனல் டெஸ்டினேஷன் மீதுதான் போய் நிற்கும். விண்வெளியில் மிதக்கும் ஒரே நீளத் தளம் அது. மேலே பலகை கிடையாது, பக்கத்தில் சுவர் கிடையாது, குறுக்கே வந்து மோத வண்டி வாகனமும் கிடையாது. எதிரெதிரே நின்று மோத வேண்டியதுதான். இதைவிட நடுநிலையான இடம் வேறு இருக்க முடியாது என்று தோன்றும். ஆரம்ப ஆண்டுகளில் ஆடியவர்கள் பலருக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த நம்பிக்கை கரைந்த விதமும், அதன் இடத்தில் ஆட்டக்காரர்கள் தாங்களாகவே கட்டிக்கொண்ட முறையும் இந்த ஆட்டத்தின் எந்த அடியையும் விட எனக்கு அழகாகப் படுகின்றன.

சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே 2001 நவம்பரில் நின்டெண்டோ கேம்கியூபுக்காக ஜப்பானில் வெளிவந்தது. ஹால் லேபரட்டரியில் உருவானது. இயக்கியவர் மசாஹிரோ சகுராய். மற்ற சண்டை ஆட்டங்களில் களம் என்பது பெரும்பாலும் பின்னால் தொங்கும் ஓவியம். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் எந்த நகரத்துத் தெருவில் நின்று அடித்தாலும் அடி ஒன்றுதான். டெக்கனில் சில களங்களுக்குச் சுவர் உண்டு, சில முடிவில்லாமல் விரியும். அங்கே தேர்வைப் பெரும்பாலும் இயந்திரத்தின் குலுக்கலுக்கே விட்டுவிடுகிறார்கள். ஸ்மாஷில் அப்படி விட முடியாது. இங்கே உயிர்க்கோடு தேய்ந்து தீர்வதில்லை. வாங்கும் அடி சதவீதமாக ஏறிக்கொண்டே போகும். ஏற ஏற அடுத்த அடி இன்னும் தூரமாகத் தூக்கி எறியும். திரைக்கு வெளியே நான்கு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத எல்லைகள் இருக்கின்றன. அதைத் தாண்டிப் பறந்தால் ஓர் உயிர் போயிற்று. வழக்கமான போட்டியில் ஆளுக்கு நான்கு உயிர், எட்டு நிமிடம். அந்த எல்லை எத்தனை தூரம், தலைக்கு மேலே எவ்வளவு உயரம், பறந்தவன் திரும்பி வந்து பற்றிக்கொள்ள விளிம்பு எப்படி, இடையில் கால் வைக்கப் பலகை உண்டா என்பதெல்லாம் களத்துக்குக் களம் மாறும். களம் மாறினால் அதே அடி கொல்லும், அல்லது கொல்லாமல் விடும்.

இப்போது அந்த வெறும் தளத்துக்குத் திரும்பலாம். ஆட்டத்தின் பாத்திரங்களில் இருவரை எடுத்துக்கொள்வோம். ஃபாக்ஸ் வேகமாக ஓடுவான், வேகமாக அடிப்பான், கீழேயும் வேகமாக விழுவான். மார்த்திடம் நீண்ட வாள் உண்டு, கை நீட்டிப் பிடிக்கும் தூரமும் அதிகம். ஃபைனல் டெஸ்டினேஷனில் மார்த் ஃபாக்ஸைப் பிடித்து மேலே எறிந்தால், ஃபாக்ஸ் கல் போல நேரே கீழே வருவான். மார்த் மறுபடி பிடிப்பான், மறுபடி எறிவான். வேறொரு களத்தில் ஃபாக்ஸ் சற்றே சாய்ந்து ஒரு பலகையின் மேல் இறங்கித் தப்பியிருப்பான். இங்கே இறங்க ஒன்றும் இல்லை. மியூ2கிங் என்ற பெயரில் ஆடிய ஜேசன் ஸிம்மர்மன் இந்தத் தளத்தில் மார்த்தை வைத்து ஃபாக்ஸ், ஃபால்கோ ஆடுபவர்களை என்ன பாடு படுத்தினார் என்பதை அந்தக் காலப் பதிவுகளில் பார்க்கலாம். ஒரே பிடியில் தொடங்கி உயிர் போகும்வரை விடாத கணக்கு அது. அதைக் கண்டவர்களுக்கு ஒன்று உறைத்தது: எதுவும் இல்லாத இடமும் ஒருவருக்குச் சாதகம்தான். பலகை இல்லாததே அங்கு மார்த்தின் கையில் இருக்கும் ஆயுதம்.

எந்தக் களமும் தானாக நடுநிலையாக இருக்காது என்று ஒப்புக்கொண்ட பிறகு, எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது? தள்ள வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விவாதமே வேண்டியிருக்கவில்லை. ஆனெட்டில் தெருவில் கார்கள் வந்து மோதும். பிக் புளூவில் ஓடும் பந்தயக் கார்களின் மேல் நின்று சண்டை போட வேண்டும், தவறிச் சாலையைத் தொட்டால் பின்னால் அடித்துக்கொண்டு போய்விடும். ஐசிகிள் மவுண்டனில் மலையே மேலும் கீழும் நகரும். ஹைரூல் டெம்பிள்தான் எல்லோருக்கும் பிரியமான களம். வீட்டில் நால்வர் சேர்ந்து ஆட அதைப் போல் இன்னொன்று கிடையாது. ஆனால் போட்டியில் அது மிகப் பெரியது. ஓர் உயிர் முன்னிலை பெற்ற ஃபாக்ஸ் அதன் மாடிகளைச் சுற்றிச் சுற்றி ஓடியே கடிகாரத்தைத் தீர்த்துவிடலாம். துரத்துபவர் தொடக்கூட முடியாது. அதை நீக்கியதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு, மறுப்பு இல்லை.

கடினமான வெட்டுகள் பிறகுதான் வந்தன. பிரின்ஸ்டாரில் கீழிருந்து அமிலம் பொங்கி ஏறும். ரெயின்போ குரூஸில் களமே பயணம் போகும், ஆட்டக்காரர்கள் தாவித் தாவிப் பின்தொடர வேண்டும். மியூட் சிட்டி, போக்கே ஃப்ளோட்ஸ், கொர்னீரியா எல்லாம் பல ஆண்டுகள் போட்டிகளில் இருந்தவை. முதல் ஆட்டத்துக்கு வராது. ஆனால் தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்கு அவற்றைக் கேட்டு வாங்கலாம். மிதக்கத் தெரிந்த பீச்சுக்கும், காற்றில் பலமுறை தாவும் ஜிக்லிபஃப்புக்கும் பிரின்ஸ்டாரின் அமிலம் பெரிய தொல்லையே அல்ல. தரையில் ஓடி வெல்பவர்களுக்கு அது சிறை. ஒரு களத்தில் எவர் ஜெயிப்பார் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிட முடிகிறது என்றால் அங்கே ஆடுவதில் பொருள் குறைவு. ஒவ்வொன்றாக அவை உதிர்ந்தன. கடைசியில் எஞ்சியவை ஆறு: பேட்டில்ஃபீல்டு, ஃபைனல் டெஸ்டினேஷன், யோஷிஸ் ஸ்டோரி, ஃபவுண்டன் ஆஃப் டிரீம்ஸ், டிரீம் லேண்ட், போக்கிமான் ஸ்டேடியம்.

இந்த ஆறில் அசையாமல் இருப்பவை இரண்டே. மற்ற நான்கும் ஏதோ ஒரு விதத்தில் ஆட்டத்தில் கை வைக்கும். தேர்ந்தவர்களின் ரசனை எனக்குப் புலப்படுவது அங்கேதான். 'குறுக்கிடுகிறதா' என்று மட்டும் கேட்டிருந்தால் நான்கும் போயிருக்கும். அவர்கள் கேட்டது வேறு: இந்தக் குறுக்கீட்டை ஓர் ஆட்டக்காரர் முன்கூட்டி அறியலாமா? அறிந்தால் பதில் சொல்லலாமா?

யோஷிஸ் ஸ்டோரியில் ஒரு மேகம் உண்டு. ரசிகர்கள் அதற்கு ராண்டல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். களத்தின் ஒரு பக்கம் வெளியே வந்து, அடியில் புகுந்து, மறுபக்கம் எட்டிப் பார்த்து, 20 வினாடிக்கு ஒரு சுற்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் மேல் நிற்கலாம். விழப்போகும் ஒருவருக்கு அது வந்து காலடியில் நின்றால் உயிர் மிச்சம். முதன்முறை பார்ப்பவர் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வார். ஆனால் ராண்டலின் ஓட்டம் ஆட்டக் கடிகாரத்தோடு பிணைந்தது. எட்டு நிமிடம் எண்ணிக் குறையும்போது, இன்ன வினாடியில் மேகம் இன்ன இடத்தில் என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறாது. தேர்ந்த ஆட்டக்காரர் காற்றில் புரண்டுகொண்டிருக்கும்போதே திரையின் மேல் ஓடும் எண்களை ஒரு கண் பார்த்து, மேகம் வரும் பக்கம் தன்னைத் திருப்பிக்கொள்வார். எதிராளியும் எண்களைப் பார்த்துவிட்டு அந்த மேகத்தின் மேலேயே காத்திருப்பார். அதிர்ஷ்டம் போலத் தெரிந்தது முழுவதும் அறிவாக மாறும் அந்த நொடியைப் பார்ப்பதற்காகவே நான் யோஷிஸ் ஸ்டோரி ஆட்டங்களைத் தேடிப் பார்ப்பேன். தவிர, ஆறில் மிக நெருக்கமான எல்லைகள் இங்கேதான். மார்த்தின் வாள்நுனி விளிம்பருகே பட்டால் ஆள் போனது போனதுதான்.

டிரீம் லேண்ட் இதற்கு நேர் எதிர். 1999இல் வந்த முதல் ஸ்மாஷ் ஆட்டத்தின் களம் அப்படியே மெலேயில் இடம்பெற்றிருக்கிறது. ஆறில் கூரை மிக உயரமானது, பக்கங்கள் அகலம். நடுவில் நிற்கும் மரம் அவ்வப்போது ஊதி, நிற்பவர்களை மெல்லத் தள்ளும். தள்ளல் சிறியது, ஆனால் ஓர் அடியின் தூரத்தைப் பொய்யாக்கப் போதும். நுட்பமானவர்கள் அந்தக் காற்றையும் கணக்கில் சேர்த்து அடிக்கிறார்கள். ஃபவுண்டன் ஆஃப் டிரீம்ஸில் பக்கத்துப் பலகை இரண்டும் தம் போக்கில் ஏறி இறங்கும், சில நேரம் நீருக்குள்ளேயே மறையும். பலகை தாழ்ந்து நின்றால் ஃபால்கோ சுடும் லேசர்கள் அதில் பட்டுச் சிதறும். அவனுடைய முழு ஆட்டமும் அந்த லேசரின் மேல் கட்டியது என்பதால் ஃபால்கோ ஆடுபவர்கள் இந்தக் களத்தை வெறுக்கிறார்கள். எனக்கு ஆறிலும் அழகானது இதுதான். ஒரே மேடை நிமிடத்துக்கு நிமிடம் வேறு வேறு கேள்வி கேட்கிறது. கேள்வி இருவர் கண்முன்னும் இருக்கிறது. பேட்டில்ஃபீல்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று பலகை, அசைவில்லாத தளம், மிதமான எல்லை. எவருக்கும் மிகவும் பிடிக்காது, எவரும் மிகவும் அஞ்சுவதும் இல்லை.

நல்ல பட்டியல் கையில் இருந்தாலும் முதல் ஆட்டத்தை எங்கே ஆடுவது என்று யாராவது முடிவு செய்தாக வேண்டுமே. ஆரம்பத்தில் அதையும் குலுக்கலுக்குத்தான் விட்டார்கள். மார்த்தும் ஃபாக்ஸும் மோத, குலுக்கலில் ஃபைனல் டெஸ்டினேஷன் விழுந்தால் பாதி ஆட்டம் அங்கேயே முடிந்தது. அதற்கு வந்த மாற்றுதான் ஸ்ட்ரைக். வீட்டில் ஒரே ஒரு மாம்பழம் இருந்தால் அண்ணன் வெட்டட்டும், தம்பி முதலில் எடுக்கட்டும் என்று அம்மா சொல்லும் அதே ஞானம். ஆறில் ஐந்து களங்கள் முதல் ஆட்டத்துக்கு உரியவை. கல்-காகிதம்-கத்தரியில் ஒருவர் முன்செல்ல, அவர் ஒன்றை நீக்குவார். அடுத்தவர் இரண்டை நீக்குவார். முதலாமவர் மறுபடி ஒன்றை நீக்குவார். எஞ்சும் ஒன்றில் ஆட்டம்.

இதன் கணக்கு என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஐந்து களங்களையும் மார்த்துக்கு மிகச் சாதகமானதில் தொடங்கி ஃபாக்ஸுக்கு மிகச் சாதகமானது வரை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஃபாக்ஸ் ஒரு முனையிலிருந்து இரண்டை வெட்டுவான், மார்த் மறுமுனையிலிருந்து இரண்டை வெட்டுவான். நிற்பது நடுவில் உள்ளது. நடுவர் எவரும் தீர்ப்புச் சொல்லவில்லை. எந்தக் களம் நியாயம் என்று இருவரும் ஒத்துப்போகவும் தேவையில்லை. ஒவ்வொருவரும் தன் சுயநலத்தை மட்டும் பார்த்தால் போதும், நியாயம் நடுவில் எஞ்சுகிறது. வேறு இருவர், வேறு பாத்திரங்களோடு வந்தால் வேறு களம் எஞ்சும். ஆனால் பட்டியல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இந்த நடுவும் சாய்ந்துவிடும். ஆறில் நான்குக்கு மூன்று பலகை, ஸ்டேடியத்துக்கு இரண்டு, ஒன்றுக்கு ஒன்றுமே இல்லை என்ற பங்கீட்டில் ஒரு களத்தைச் சேர்ப்பதும் எடுப்பதும் எல்லா மோதல்களின் நடுவையும் நகர்த்தும். ஐந்தாவது இடத்துக்கு டிரீம் லேண்டா, ஸ்டேடியமா என்பதில் போட்டிக்குப் போட்டி வேறுபாடு இருப்பதும், அதற்காக மணிக்கணக்கில் வாதாடுவதும் இதனால்தான். அந்த வாதங்களை வீண் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

முதல் ஆட்டத்துக்குப் பிறகு உரிமை தோற்றவரிடம் போகிறது. மூன்று ஆட்டத் தொடரில் வென்றவர் ஒரு களத்தை விலக்கலாம். மிச்சத்தில் தோற்றவர் தனக்குப் பிடித்ததைக் கேட்பார். ஜிக்லிபஃப்பைக் கொண்டு புகழ்பெற்ற ஹங்க்ரிபாக்ஸ் என்ற ஆட்டக்காரர் ஃபாக்ஸிடம் ஓர் ஆட்டம் தோற்றால், அடுத்து டிரீம் லேண்டுக்கு அழைத்துப் போவதைப் பலமுறை பார்க்கலாம். எடை குறைந்த ஜிக்லிபஃப்பை ஃபாக்ஸ் மேல்நோக்கி அடித்தே கொல்வான். கூரை உயர்ந்தால் இன்னும் சில அடி தாங்கலாம். தாழ்ந்த கூரைக்காக ஃபாக்ஸ் கேட்பது ஸ்டேடியம். ஒரு தொடரில் தான் ஏற்கெனவே வென்ற களத்துக்கு மறுபடி போகக் கூடாது என்றும் ஒரு விதி பரவலாக உண்டு. ஒரே களத்தின் தயவில் தொடரை முடித்துவிடாமல் இருவரையும் பல நிலங்களில் நடக்க வைக்கிறது அது. இருவரும் மனமொத்தால் விதியை ஒதுக்கிவிட்டு விரும்பிய இடத்தில் ஆடலாம் என்ற சலுகையும் இருக்கிறது.

2018 டிசம்பரில் ஸ்மாஷ் வரிசையின் அல்டிமேட் வந்தபோது இந்தச் சிக்கல்கள் தீர்ந்துவிடும் என்று தோன்றியிருக்கலாம். வெளிவந்த நாளிலேயே 103 களங்கள். இடையூறுகளை நிறுத்த ஒரு சுவிட்சு. எந்தக் களத்தையும் பேட்டில்ஃபீல்டு வடிவிலோ வெறும் தளமாகவோ மாற்றும் வசதி. ஆனாலும் போட்டியாளர்கள் தேர்ந்துகொள்வது ஒரு கைக்கு அடங்கும் சில களங்களைத்தான். அங்கும் கவலை அதேதான்: மூன்று பலகைக் களங்கள் கூடிவிட்டனவா, தட்டைக் களங்கள் குறைந்தனவா.

மெலேயில் அந்தச் சுவிட்சு கிடையாது. ஆகவே ஸ்டேடியம் பல ஆண்டுகள் அரைமனதோடுதான் பட்டியலில் இருந்தது. சற்று நேரத்துக்கு ஒருமுறை களம் உருமாறும்: தீ, நீர், பாறை, புல். எது வரும் என்று முன்கூட்டித் தெரியாது. பாறை எழுந்தால் நடுவே ஒரு குன்று நிற்கும். இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி அது இறங்கும்வரை காத்திருப்பார்கள். ரசிகர்களே ஆட்டத்தின் நிரலைத் திருத்தி அந்த உருமாற்றத்தை உறைய வைத்தார்கள். 2020இல் இணையவழி ஆட்டத்துக்காக வந்த ஸ்லிப்பியில் உறைந்த ஸ்டேடியம் இயல்பாகிவிட்டது. நேரடிப் போட்டிகள் பலவும் அதை எடுத்துக்கொண்டன. பழைய வடிவமே ஆட்டத்தின் உண்மை, அதைத் தொடக் கூடாது என்பவர்களின் பற்று எனக்குப் புரிகிறது. ஆனால் நான் உறைந்த ஸ்டேடியத்தின் பக்கம். அதே கையோடு ஃபவுண்டனின் பலகைகளையும் ஆணியடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து நின்று மறுப்பேன். அந்தப் பலகைகள் ஏறும்போதும் இறங்கும்போதும் இருவரும் ஆடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஸ்டேடியத்தில் பாறை எழுந்தால் ஆட்டம் நின்றுபோகிறது.